நாற்பத்து நான்காவது காலர்

இருபத்திரண்டு வருஷம் சட்டைகளுக்குக் காலர் பொருத்தியதில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் மிஞ்சியது. வாசலில் நிற்கும் காவல்காரரிலிருந்து துணி வெட்டும் பிரிவின் தலைவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் காலரக்கா. வீட்டுக்காரர்கூடத் தன் சட்டையில் பொத்தான் அறுந்து கிடந்தால், "என்னங்க காலரக்கா, ஊருக்கெல்லாம் தைக்கறீங்க, நமக்கு எப்ப?" என்றுதான் ஆரம்பிப்பார். அவளுக்கு அதில் பெருமைதான். அந்தப் பெருமைதான் கடைசியில் ஒரு குடும்பத்தின் தலையில் விடிந்தது.

மூன்றாவது மாடி. ஜன்னல் கண்ணாடிகளில் தோள் உயரம் வரைக்கும் வெள்ளை பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள், தைக்கிறவர்கள் வெளியே வேடிக்கை பார்க்கக் கூடாதாம். காலர் வரிசையில் எட்டு மெஷின், எட்டுப் பெண்கள். சட்டையின் உடம்பு இடது பக்கக் கூடையில் வரும். காலர் வலது பக்கம் கட்டாக இருக்கும். இரண்டையும் கழுத்து வளைவில் சேர்த்துப் பிடித்து ஒரே ஓட்டமாக ஓட்டி முன்னால் தள்ள வேண்டும். சொல்லும்போது ஒன்றுமில்லாத வேலை மாதிரிதான் இருக்கும். வளைவில் ஒரு நூலளவு இழுத்துவிட்டால் அந்தச் சட்டையைப் போடுகிறவன் கழுத்தைக் கோணிக்கொண்டுதான் திரிவான்.

அடுத்த மெஷினில் சம்பந்தி. இரண்டு பேருக்கும் பிள்ளைகள் சின்னதாக இருந்த காலத்தில், "உங்க பையனுக்கு என் பொண்ணுதான்" என்று ஒரு மதியச் சாப்பாட்டில் பேசி முடித்துவிட்டார்கள். பையன் வளர்ந்து யாரையோ கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். பொண்ணு படிப்பு படிப்பு என்று இன்னும் படித்துக்கொண்டே இருந்தாள். ஆனால் சம்பந்தம் மட்டும் பதினெட்டு வருஷமாக அறுந்துபோகவில்லை. "சம்பந்தி வீட்டுச் சாப்பாடா? அப்ப உப்பே இருக்காதே" என்று ஒருத்தி டப்பாவை ஒருத்தி பிடுங்கித் தின்பார்கள்.

சம்பந்திக்கு ஐம்பத்து நாலு வயது. கண்ணில் ஒரு ஆபரேஷன் ஆகியிருந்தது. அவள் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு இரண்டு தடவை ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. கம்பெனியின் மருத்துவ அட்டை இருந்ததால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. "அந்த அட்டைதான் அவருக்குக் கிட்னி" என்று சம்பந்தி சொல்வாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு ஒரு ரகசியம் உண்டு. ஒவ்வொருத்திக்கும் இரண்டு கை. ஒன்று சொந்தக் கை, இன்னொன்று காட்டுகிற கை. நேரம் அளக்கிறவன் கடிகாரத்தோடு பக்கத்தில் வந்து நின்றால் சொந்தக் கை ஒளிந்துகொள்ளும், காட்டுகிற கை வெளியே வரும். காட்டுகிற கை காலரை இரண்டு தடவை நீவிப் பார்க்கும், நூல் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்க்கும், கத்தரியைத் தேடும். ஏனென்றால் அவன் எழுதிக்கொண்டு போகிற எண்தான் நாளைக்கு உன் தலையில் உட்காரும். உடம்பு நன்றாக இருக்கிற நாளில் செய்வதைச் சொல்லிவிட்டால் காய்ச்சல் அடிக்கிற நாளிலும் அதையே செய்ய வேண்டும். புதிதாக வந்த பெண்களுக்கு இதை முதல் நாளே காதில் போட்டுவைத்ததே காலரக்காதான்.

நேரம் அளக்கிறவன் ஒரு இளம் இன்ஜினியர். அவனுக்கு அவர்கள் வைத்த பெயர் நொடிமுள். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. எல்லோரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். கூப்பிட்டுக்கொண்டே கடிகாரத்தை அமுக்குவான்.

போன வருஷம் காலரக்காவின் வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் விரல் நுனி, பிறகு கட்டைவிரல், பிறகு மணிக்கட்டுக்குள் யாரோ சாவி போட்டுத் திருகுகிற மாதிரி வலி. மருத்துவர் கையை மடக்கிப் பார்த்தார், நரம்பு நசுங்குகிறது என்றார்.

"இருபத்தஞ்சு நிமிஷம் தைங்க. அஞ்சு நிமிஷம் கையை மடியில போட்டுட்டுச் சும்மா இருங்க. நூல் வெட்டறது, துணி மடிக்கறது, எதுவும் கூடாது."

"சும்மா இருந்தா அங்க வேலை போயிடும் டாக்டர்."

"சும்மா இல்லாட்டி கை போயிடும்மா. எது வேணும்னு நீங்களே பாத்துக்கங்க."

பாத்திரக் கடையில் ஆப்பிள் மாதிரி ஒரு சமையல் டைமர் வாங்கினாள். அதைத் திருகி மெஷின் காலடியில் வைத்துக்கொண்டு தைப்பாள். கிர்ர் என்றதும் நிறுத்துவாள். கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பாள். முதல் நாள் சூப்பர்வைசர் வந்து, "என்னக்கா, ஃபோட்டோவுக்கா உக்காந்திருக்கீங்க?" என்றார். வரிசையே சிரித்தது. அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை, கை வலி அப்படி.

ஒரு வாரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. மணிக்கு எழுபத்தைந்து காலர் தைத்தவள் எண்பதைத் தாண்டினாள். உட்கார்ந்து ஓய்வெடுக்கிறவளுக்கு வேலை கூடுகிறது! அவளுக்கே நம்பிக்கை வரவில்லை, இரண்டு தடவை எண்ணினாள். சம்பந்தி ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "அந்த ஆப்பிளை நடுவுல வைங்க சம்பந்தி, என் கண்ணுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும்" என்றாள். அவளுக்கு எண்ணிக்கை கூடவில்லை. ஆனால் சாயங்காலத் தலைவலி நின்றது. ஒரு மாதத்துக்குள் எட்டு மெஷினும் அந்த ஆப்பிளின் பேச்சைக் கேட்க ஆரம்பித்தன.

கூடுதலாகத் தைத்ததை அவர்கள் வெளியே விடுவார்களா? மேஜைக்கடியில் துணி போட்டு மூடிவைத்து, உடம்பு முடியாத நாளில் எடுத்து நீட்டுவார்கள். காதும் காதும் வைத்த மாதிரி நடந்தது. அந்த ஐந்து நிமிஷம் மட்டும் அவர்களுடையது. ஒருத்தி கண்ணை மூடுவாள், ஒருத்தி மாமியாரைத் திட்டுவாள், ஒருத்தி காலை நீட்டிப் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வேறெங்கும் அப்படி ஒரு ஐந்து நிமிஷம் அவர்களுக்குக் கிடைத்ததில்லை, வீட்டிலும் இல்லை.

ஒன்றை மட்டும் மறைக்க மறந்துவிட்டார்கள். வேகத்தை மறைத்தவர்கள் சுத்தத்தை மறைக்கவில்லை. காலர் கோணல் என்று திரும்பி வருகிற சட்டைகள் பாதியாகக் குறைந்துபோயின. நொடிமுள்ளுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. வந்து பார்த்தான், ஆப்பிளைப் பார்த்தான், சிரித்தான். "ரொம்ப நல்ல விஷயம்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். கடிகாரத்தை அமுக்கக்கூட இல்லை. அப்போதே பயந்திருக்க வேண்டும்.

பத்தாம் நாள் முதலாளியே மேலே வந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவரை அவள் பார்த்தது நாலு தடவை, நாலு தடவையும் முதுகைத்தான். அன்றைக்கு நேரே அவள் மெஷினுக்கு வந்து நின்றார். பின்னால் நொடிமுள், சூப்பர்வைசர், இன்னும் இரண்டு பேர்.

"நீங்கதானாம்மா? உங்க கையைப் பாக்கத்தான் வந்தேன். எப்படிம்மா செய்றீங்க?"

எப்படிச் செய்கிறாய் என்று அவளை அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. ஏன் செய்யவில்லை என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. டைமரை எடுத்துக் காட்டினாள், கையை மடியில் வைத்துக் காட்டினாள், தோளை இறக்கிக் காட்டினாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"அந்த இருபத்தஞ்சு நிமிஷத்துல எத்தனை முடிப்பீங்க?"

மேஜைக்கடியில் சம்பந்தியின் கால் அவள் காலை அழுத்தியது. முப்பத்தாறு என்று காட்டுகிற கையின் எண்ணைச் சொல்ல வேண்டிய இடம் அது. தூக்கத்தில் கேட்டாலும் முப்பத்தாறு என்றுதான் சொல்லியிருப்பாள். விழித்துக்கொண்டிருந்ததுதான் வினை.

"நாப்பத்திநாலு சார். மனசு வெச்சா நாப்பத்தஞ்சுகூட வரும்."

கை தட்டினார்கள். நொடிமுள் எழுதிக்கொண்டான்.

கை கழுவுகிற இடத்தில் சம்பந்தி அவளைப் பிடித்துக்கொண்டாள். கோபம் வந்தால் அவளுக்கு மரியாதையெல்லாம் போய்விடும். "நாப்பத்திநாலா? உன்னை யாருடி நெஜத்தைச் சொல்லச் சொன்னா? எட்டுப் பேர் வாயில மண்ணைப் போட்டுட்டியேடி!"

"என் கையைப் பத்தித்தானே கேட்டாரு, மத்தவங்களைப் பத்தியா கேட்டாரு?" என்றாள் காலரக்கா. இன்னும் அந்தக் கைதட்டல் காதில் இருந்தது.

அடுத்த மாதம் புது ஏற்பாடு வந்தது. இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஒரு மணி அடிக்கும். ஒவ்வொரு மெஷின் தலையிலும் ஒரு குட்டி விளக்கு. மணி அடிப்பதற்குள் நாற்பத்து நாலு முடித்தால் விளக்கு பச்சையாகும், பச்சை எரிகிறவர்கள் ஐந்து நிமிஷம் உட்காரலாம். முடிக்காதவர்கள் தொடர்ந்து தைக்க வேண்டும். பச்சை இல்லாமல் ஊசி நின்றால் சூப்பர்வைசர் வந்து பக்கத்தில் நிற்பார். ஓய்வு எடுத்தால் வேலை நன்றாக வரும் என்று அவள் கண்டுபிடித்தாள். வேலை நன்றாக வந்தால்தான் ஓய்வு என்று அவர்கள் திருப்பிப் போட்டார்கள். படித்தவர்கள் இல்லையா.

கை வேகமான சின்னப் பெண்கள் எப்படியோ முக்கி முனகி எட்டினார்கள். காலரக்காவுக்கு நாற்பத்து நாலு பழக்கம், அவள் உட்கார்ந்தாள். சம்பந்திக்கு முப்பத்தேழு. அவள் தைத்த காலரில் குற்றம் கண்டுபிடிக்க இன்னொருத்தி பிறந்து வர வேண்டும், ஆனால் முப்பத்தேழுதான். அதனால் அவளுக்கு ஒரு ஐந்து நிமிஷமும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் கண் எரிந்தது. கண் எரிந்ததால் முப்பத்தாறு, முப்பத்தைந்து, முப்பத்து மூன்று. ஏழு பேர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரு மெஷின் மட்டும் ஓடுகிற சத்தத்தைக் காலரக்கா ஒரு நாளைக்குப் பதினாறு தடவை கேட்டாள்.

இரண்டு மாதம் கழித்து சம்பந்தியின் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். மாதக் கடைசிக்குள் எண்ணிக்கை வராவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அட்டை இல்லை. அட்டை இல்லாவிட்டால் என்ன என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

காலரக்கா நொடிமுள்ளின் அறைக்குப் போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கதவைத் தட்டாமல் போனாள்.

"தம்பி, அன்னைக்கு நான் சொன்னது பொய். பெருமைக்குச் சொல்லிட்டேன். முப்பத்தாறுதான் முடியும்."

அவன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். அவள் பெயருக்கு நேரே நாற்பத்து நாலு, நாற்பத்து நாலு, நாற்பத்தைந்து, நாற்பத்து நாலு. "அக்கா, நான் எதையும் கண்டுபிடிக்கல. நீங்க சொன்னதைத்தான் போட்டேன். நீங்க செய்றதைத்தான் எழுதறேன்."

அவள் அங்கேயே நின்றாள். போகவில்லை. அழவும் இல்லை, அழுதிருந்தால் அவன் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருப்பான். கடைசியில் அவனே குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்: "ஒண்ணு பண்ணலாம். ஒரு வாரம், ஆறு நாள். உங்க வரிசையில ஒரு பச்சைகூட எரியலைன்னா நம்பர் தப்புன்னு நானே மேல எழுதித் தரேன். ஒண்ணு எரிஞ்சாலும் என்னால எழுத முடியாது. பாத்துக்கங்க."

மதியச் சாப்பாட்டில் எட்டுப் பேரும் தலையைக் கூட்டினார்கள். பேச்சை எடுத்தவள் அவள்தான். திங்களிலிருந்து சனி வரைக்கும் யாரும் முப்பத்தாறைத் தாண்டக் கூடாது. ஒருத்தருக்கும் ஓய்வு கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு நாள். ஒருத்திகூட மாட்டேன் என்று சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டும். சம்பந்தி மட்டும், "உங்க கை தாங்குமா?" என்று கேட்டாள்.

"ஆறு நாள் தாங்காதா? இதென்ன கண்ணாடிக் கையா?"

மெதுவாகத் தைத்தால் கைக்கு நல்லது என்று வெளியே இருக்கிறவர்கள் நினைக்கலாம். மணிக்கட்டு மடிந்த இடத்தில் மடிந்தேதான் இருக்கும். திங்களும் செவ்வாயும் ஓடின. புதனன்று விரல்கள் வீங்கின. வியாழனன்று தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். வெள்ளிக்கிழமை காலையில் அவளுடைய மேல்சட்டைப் பொத்தானை வீட்டுக்காரர்தான் போட்டுவிட்டார்.

"இன்னைக்கு லீவு போட்டா என்ன?"

"நான் போகலைன்னா வேற வரிசையிலேர்ந்து ஒருத்தியைக் கொண்டாந்து உக்கார வெப்பாங்க. அவளுக்கு இதெல்லாம் தெரியுமா? பச்சையை எரிய விட்டுடுவா."

அவர் சாப்பாட்டு டப்பாவின் மூடியை லேசாக மூடி வைத்தார், அவளால் திறக்க முடிய வேண்டுமே என்று.

மதியத்துக்குப் பிறகு இரண்டாவது மணி. வலி முழங்கையைத் தாண்டித் தோளில் ஏறியிருந்தது. கண்ணில் நீர் நின்று ஊசி இரண்டாகத் தெரிந்தது. மணி அடித்தது, ஒருத்தருக்கும் பச்சை இல்லை, யாரும் நிற்கவில்லை. அடுத்த இருபத்தைந்து நிமிஷம் ஆரம்பித்தது. அவள் கை வேகம் பிடித்தது.

கை தானாகப் போய்விட்டது என்று பிறகு எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தாள். தன்னிடமும் சொல்லிப் பார்த்தாள். இருபது காலர் வரைக்கும் வேண்டுமானால் அப்படி இருக்கலாம். முப்பத்தாறில் அவளுக்குத் தெரியும். நாற்பதில் நன்றாகத் தெரியும். நாற்பத்து மூன்றாவது காலரை முன்னால் தள்ளிவிட்டு, நிறுத்தலாம் என்று நினைத்தாள், நினைத்தபடியே அடுத்ததை எடுத்தாள். இன்னும் ஒன்றரை நாள்தான் பாக்கி என்பதும், அந்த ஒன்றரை நாளில் இன்னொரு வீட்டில் ஒரு மனுஷனின் ரத்தம் இருக்கிறது என்பதும் அந்த நேரத்தில் அவள் மறக்கவில்லை. ஐந்து நிமிஷம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

விளக்கு பச்சையானது. அவள் கையை மடியில் மல்லாத்தி வைத்தாள்.

சொல்லவே வாய் கூசுகிறது, அந்த ஐந்து நிமிஷம் அவ்வளவு சுகமாக இருந்தது. வலி ஒவ்வொரு விரலாக இறங்கிப்போனது. பக்கத்து மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. சம்பந்தி திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் வரிசையில் ஆறு பச்சை. யாரும் காலரக்காவைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பாள். அவர்களுக்கு உள்ளூர நிம்மதிதான். கடைசி மெஷின்காரி கைக்குத் தடவிக்கொள்ளத் தைலம்கூடக் கொடுத்தாள். சனிக்கிழமை நொடிமுள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

மாதக் கடைசியில் சம்பந்தி கீழே அலுவலகத்தில் அட்டையை ஒப்படைத்துவிட்டு மேலே வந்தாள். மெஷின் இழுப்பறையைத் திறந்து தன் கத்தரி, கண்ணாடி டப்பா, ஒரு சீப்பு மூன்றையும் பைக்குள் போட்டுக்கொண்டாள். மணி அடித்து ஓய்வு நேரம். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காலரக்கா எழுந்து நின்றாள். மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

"அவரை இனிமே எங்க காட்டுவீங்க?" என்று மட்டும் வந்தது.

"பெரியாஸ்பத்திரியில எழுதி வெச்சிருக்கு. முன்னாடி நாப்பது பேர் இருக்காங்களாம். கூப்பிடுவாங்க."

"கூப்பிடற வரைக்கும்?"

சம்பந்தி பையின் வாயை இழுத்துக் கட்டினாள். பிறகு காலரக்காவின் வலது கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள்.

"வலி எப்படி இருக்கு?"

அந்தக் குரலில் குத்தல் இருக்கிறதா என்று காலரக்கா தேடினாள். இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம், காலில் விழுந்திருக்கலாம். குத்தலே இல்லை. பதினெட்டு வருஷமாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"இப்ப தேவல சம்பந்தி" என்றாள் காலரக்கா. அது உண்மை.